வழிப்பறி வழக்கு மேல்முறையீடு: சாட்சி சொன்னதை எப்படி எடைபோடுவார்கள்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 2021இல் ஒரு நள்ளிரவு. தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்கும் முன் லாரியை ஓரங்கட்டிவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு வடமாநில டிரைவர். ஒரே பைக்கில் வந்த மூன்று பேர் கத்தியைக் காட்டி, அவரிடமும் கிளீனரிடமும் இருந்த பணத்தையும் டிரைவரின் செல்போனையும் பறித்துக்கொண்டு போனார்கள் என்பது வழக்கு. புகாரில் யார் பெயரும் இல்லை. நான்கு நாள் கழித்து மூன்று பேர் கைது. அவர்களில் இரண்டாம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்பார்கள்) இவருடைய தம்பி. சார்பு நீதிமன்றம் 2023இல் மூவருக்கும் இந்திய தண்டனைச் சட்டம் 392, 397 பிரிவுகளின்படி ஏழு ஆண்டு கடுங்காவல் விதித்தது. மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது.

சாட்சியங்களில் தெரியும் முரண்பாடுகளை அவரே ஒரு தாளில் அடுக்கி அனுப்பியிருக்கிறார். கத்தி ஒரு அடி நீளம் என்கிறார் டிரைவர், அரை அடி என்கிறார் கிளீனர். நேரம் ஒருவருக்குப் பன்னிரண்டரை, இன்னொருவருக்கு ஒரு மணி. பறிபோன பணம் ஓரிடத்தில் 8,000, இன்னோரிடத்தில் 8,500. "இவ்வளவு முரண் இருந்தும் கோர்ட் எப்படி நம்பியது? மேல்முறையீட்டில் இதை வைத்து விடுதலை வாங்க முடியாதா?" என்பது கேள்வி.

இதை மட்டும் வைத்து முடியாது சகோதரி. மனசு சங்கடப்பட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி கழுத்தருகே கத்தி வந்தவர் அதன் நீளத்தை அளந்துகொண்டு நிற்க மாட்டார். பார்த்ததைப் படம் பிடித்ததுபோலத் திருப்பிச் சொல்லும்படி எந்த சாட்சியிடமும் எதிர்பார்க்க முடியாது என்று 1983இல் பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியிருக்கிறது. நேரம், தூரம், நீளம் எல்லாம் குத்துமதிப்பாகத்தான் வரும். சொல்லப்போனால் இரண்டு சாட்சிகள் ஒரு எழுத்து பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால்தான் நீதிபதிக்குச் சந்தேகம் வர வேண்டும். கத்தியின் நீளத்தையும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தையும் முன்னால் வைத்து வாதத்தைத் தொடங்கினால், முதல் ஐந்து நிமிடத்திலேயே நீதிபதியின் கவனத்தை இழந்துவிடுவீர்கள்.

உங்கள் தாளின் கடைசியில், பெரிய விஷயமில்லை என்று நினைத்தோ என்னவோ, ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். டிரைவர் குறுக்கு விசாரணையில் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "போலீஸார் கூப்பிட்டதும் ஸ்டேஷனுக்குப் போய் என் செல்போனை அடையாளம் காட்டினேன். அப்போது எதிரிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்." உங்கள் தம்பியின் மேல்முறையீட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த வரிதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

வழிப்பறி வழக்கில் நீதிமன்றம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். வழிப்பறி நடந்ததா? நடந்தது என்றால், கூண்டில் நிற்கிற இவர்தான் செய்தாரா? முதல் கேள்விக்கு டிரைவரின் சாட்சியம் தாராளமாகப் போதும். பணம் போனது, போன் போனது, கத்தி காட்டப்பட்டது என்பதில் அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. ஊர் பெயர் தெரியாதவர், யாரோடும் முன்விரோதம் இல்லாதவர். கீழ்க்கோர்ட் தீர்ப்புகள் பலவற்றில் நான் பார்க்கும் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. "அ.சா.1-க்கு (அரசுத் தரப்பின் முதல் சாட்சிக்கு) பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆகவே அவர் சாட்சியம் நம்பத்தக்கது" என்று எழுதி, அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டாம் கேள்வியையும் முடித்துவிடுகிறார்கள். நேர்மையான மனிதருக்கும் முகம் தவறிப்போகும். அவர் மனதாரச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. ஆகவே அந்த டிரைவரைப் பொய்யர் என்று சொல்லி வாதாட வேண்டாம் என்று உங்கள் வக்கீலிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் பணத்தைப் பறிகொடுத்து ராத்திரி ரோட்டில் நின்ற மனிதர். அவர் நேர்மையானவர் என்று ஒப்புக்கொண்டே, அந்த முகத்தைத் தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும்.

ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தண்டிக்கலாம். இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. சாட்சியச் சட்டம் 134ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. நம் மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். முதல் இரண்டு வகையில் நீதிபதிக்குச் சிரமம் இல்லை. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். நான் இதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: ஒரே சாட்சி ஒரு கேள்விக்கு முதல் வகையாகவும் இன்னொரு கேள்விக்கு மூன்றாம் வகையாகவும் இருக்க முடியும். உங்கள் வழக்கின் டிரைவர் அப்படிப்பட்டவர். சம்பவத்தைப் பொறுத்தவரை முழுக்க நம்பலாம். ஆளைப் பொறுத்தவரை துணை ஆதாரம் தேட வேண்டும்.

அவர் எதைப் பார்த்திருக்க முடியும் என்பதற்கு வருவோம். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸார் எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மின்கம்பம், கடை, டீக்கடை பல்பு ஏதாவது குறித்திருக்கிறதா? இல்லை என்றால் அங்கிருந்த வெளிச்சம் வண்டிகளின் வெளிச்சம் மட்டுமே. லாரியின் ஹெட்லைட் முன்பக்கம் விழும். டிரைவரோ பின்சக்கரத்தருகே குனிந்து நிற்கிறார். பைக் பின்னாலிருந்து வந்து நிற்கிறது, அதன் விளக்கு அணையவில்லை என்றால் இறங்கி வருகிறவனின் முதுகுக்குப் பின்னால்தான் வெளிச்சம் இருக்கும்; முகம் இருட்டுக்குள் போய்விடும். கண்ணில் அடிக்கும் விளக்குக்கு முன்னால் நிற்பவனின் உருவம் தெரியும், மூக்கும் முழியும் தெரியாது. ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டி நிறுத்தி இறங்கிய யாருக்கும் இது தெரியும். எதிர்ச்சாரியில் போகும் வண்டிகளின் வெளிச்சம் நடுத்தடுப்பைத் தாண்டி வந்தாலும் விநாடிக்கணக்கில்தான். இத்தனைக்கும் மேல் அது 2021. முகக்கவசம் இல்லாமல் ஆட்கள் வெளியே வராத காலம். மூன்று பேரும் முகத்தை மூடியிருந்தார்களா என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டதா, டிரைவர் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதும் உண்டு. முழுச் சம்பவமும் இரண்டு மூன்று நிமிடம் என்று கிளீனர் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிமிடங்களிலும் மனுஷன் கண் கத்தியை விட்டு அகலாது. கத்தி பிடித்தவன் முகமாவது மனதில் நிற்கலாம். பக்கத்தில் நின்றவன், பைக்கிலிருந்து இறங்காதவன் முகம் நிற்குமா? உங்கள் தம்பி பைக்கை ஓட்டி வந்தவர் என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கே. அப்படியென்றால் மூவரில் முகம் தெரிய மிகக் குறைந்த வாய்ப்பு இருந்தது அவருக்குத்தான். இதை மேல்முறையீட்டு மனுவில் தனிக் காரணமாகவே எழுத வேண்டும்.

அடுத்தது புகார். சம்பவம் முடிந்த கையோடு எழுதப்பட்ட முதல் காகிதம் அது. எதிரிகளைப் பற்றி அதில் என்ன அடையாளம் இருக்கிறது? "சுமார் 25 முதல் 30 வயது, மாநிறம், ஒல்லி" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இந்த விவரணைக்குப் பொருந்துகிறவர்கள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எந்த நேரமும் நூறு பேர் இருப்பார்கள். தழும்பு, பச்சை, பேச்சுவழக்கு, சட்டை நிறம் என்று தனித்து ஒன்றும் இல்லை என்றால், மாதங்கள் கழித்துக் கோர்ட்டில் "இவர்தான்" என்று விரல் நீட்டுவது எதை வைத்து என்ற கேள்வி எழும்.

இன்னொன்று, இந்த நெடுஞ்சாலை வழக்குகளுக்கே உரியது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது. புகார் தமிழில் இருக்கிறது. அவர் இந்தியில் சொன்னதை யார் கேட்டு யார் எழுதினார்கள்? எழுதியவரின் பெயர் புகாரில் இருக்கிறதா, அவரை சாட்சியாக விசாரித்தார்களா? பல வழக்குகளில் இந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கும். இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். புகாருக்கும் கோர்ட் சாட்சியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் சுட்டிக்காட்டினால், "மொழிபெயர்த்தவர் தவறாக எழுதியிருப்பார்" என்று அரசு வழக்கறிஞர் சொல்வார். அந்த விளக்கம் சரி என்றால் அதே புகாரில் உள்ள மற்றதையும் அவர் அப்படியே நம்பச் சொல்ல முடியாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட வேண்டும்.

இப்போது அந்த ஸ்டேஷன் வரிக்கு வருகிறேன். முன்பின் தெரியாத ஆளைச் சாட்சி அடையாளம் காட்ட வேண்டிய வழக்கில் அடையாள அணிவகுப்பு நடத்துவது இதற்காகத்தான்: சாட்சியின் நினைவில் உண்மையிலேயே ஒரு முகம் பதிந்திருக்கிறதா என்று சோதிக்க. சிறைக்குள் ஒரு குற்றவியல் நடுவர் முன்னிலையில் நடக்கும். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே உடல்வாகு கொண்டவர்களோடு சந்தேக நபரைக் கலந்து வரிசையில் நிறுத்துவார்கள். அவர் நிற்கும் இடத்தை அவரே மாற்றிக்கொள்ளலாம், சட்டையை மாற்றிக்கொள்ளலாம். போலீஸார் யாரும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. சாட்சியை உள்ளே அழைத்து அடையாளம் காட்டச் சொல்வார்கள். வரிசையை மாற்றி மாற்றி மறுபடியும் செய்வார்கள். கடைசியில் சந்தேக நபரிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு நடுவர் பதிவு செய்வார்.

உங்கள் வழக்கில் அணிவகுப்பு நடந்திருக்கிறது, டிரைவர் மூன்று பேரையும் காட்டியிருக்கிறார். தீர்ப்பும் அதைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கைதான அன்றே ஸ்டேஷனில் அவர் இந்த மூவரையும் பார்த்துவிட்டார் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அதன்பின் சிறையில் அவர் தேடியது ரோட்டில் பார்த்த முகத்தையா, ஸ்டேஷன் பெஞ்சில் பார்த்த முகத்தையா? அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில், "உன் போனைத் திருடியவர்கள் பிடிபட்டுவிட்டார்கள்" என்ற சேதியோடு பார்த்த முகம், இருட்டில் பார்த்த முகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது பொய் இல்லை, மனித மனசு வேலை செய்யும் விதம். ஆனால் அணிவகுப்புக்கு அதன்பின் மதிப்பு இல்லை. நடுவரின் அறிக்கையைப் பாருங்கள். "சாட்சிக்கு என்னை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்" என்று உங்கள் தம்பி அன்றே ஆட்சேபணை சொல்லி அது பதிவாகியிருந்தால், இந்த வாதம் இரட்டிப்பு பலம் பெறும். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் டிரைவரின் ஒப்புதல் அழிந்துவிடாது.

அணிவகுப்பு விழுந்துவிட்டால் எஞ்சுவது, கோர்ட்டில் காட்டிய அடையாளம். சட்டப்படி அதுதான் மூல சாட்சியம். அணிவகுப்பு அதற்குத் துணைதான். முன்பின் தெரியாத ஆளை முதன்முதலாகக் கோர்ட்டில் வைத்து அடையாளம் காட்டுவதற்கு மதிப்பில்லை என்று 1979இல் கேரள வழக்கான கண்ணன் வழக்கில் சொன்னார்கள். 2003இல் மல்கான்சிங் வழக்கில், அணிவகுப்பு இல்லாமல் போனாலும் தகுந்த வழக்கில் கோர்ட் அடையாளத்தை ஏற்கலாம் என்றார்கள். அரசு வழக்கறிஞர் இந்த இரண்டாவதைக் கையில் வைத்திருப்பார். அந்த வழக்கில் சாட்சிக்கு ஆட்களைப் பகலில், அருகிலிருந்து, நன்றாகப் பார்க்க வாய்ப்பு இருந்தது. உங்கள் வழக்கின் இருட்டுக்கும் இரண்டு நிமிடத்துக்கும் அது பொருந்தாது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் மேலே வெளிச்சத்தைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

கிளீனர் அணிவகுப்புக்கே வரவில்லை, கோர்ட்டில் முதல் எதிரியை மட்டும் காட்டினார், உங்கள் தம்பியைப் பற்றி "சரியாக நினைவில்லை" என்றார் என்கிறீர்கள். அரசுத் தரப்பு அவரைப் பிறழ் சாட்சி ஆக்கவில்லை, அதாவது தனக்கு எதிராகத் திரும்பிவிட்டார் என்று ஒதுக்கவில்லை. ஆக, அரசுத் தரப்பே நம்பி நிறுத்திய நேரடி சாட்சி ஒருவர், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றவர், உங்கள் தம்பியைத் தெரியவில்லை என்கிறார். கத்தியின் நீள வித்தியாசத்தை விட்டுவிட்டு இந்த வித்தியாசத்தைப் பிடியுங்கள். ஆளைப் பற்றிய முரண்தான் வழக்கின் அடிவேரைத் தொடும் முரண்.

ஒரு எச்சரிக்கை. புலன் விசாரணையில் போலீஸாரிடம் சாட்சிகள் சொன்ன 161 வாக்குமூலத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று இன்னும் சிலவற்றைக் குறித்திருக்கிறீர்கள். அந்த வாக்குமூலத்தை அப்படியே எடுத்து மேல்முறையீட்டில் படிக்க முடியாது. விசாரணையின்போது அந்தப் பகுதியைச் சாட்சியிடமே காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்தால், எழுதிய விசாரணை அதிகாரியைக் கூண்டில் வைத்து "இப்படிச் சொன்னாரா" என்று கேட்டு நிரூபித்திருக்க வேண்டும். சாட்சியச் சட்டம் 145ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. கேட்காமல் விட்டிருந்தால் அந்த முரண் கோர்ட்டின் கண்ணுக்கு இல்லாத முரண். ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டதா, விசாரணை அதிகாரியிடம் கேட்கப்பட்டதா என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். இரண்டும் இல்லாததை அடித்துவிடுங்கள்.

பறிமுதலுக்கு வருகிறேன். வழக்கம்போல கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான் பறிமுதலை நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட மகஜர் சாட்சிகள். அரசு ஊழியர் என்பதாலேயே அவரைச் சந்தேகப்பட முடியாது, அரசு ஊழியர் என்பதாலேயே அப்படியே நம்பவும் முடியாது. காவலில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் முழுதும் செல்லாது. பொருள் கண்டுபிடிக்கப்படக் காரணமான பகுதி மட்டும் சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லும். பிரிவி கவுன்சில் காலத்துப் புலுக்குரி கோட்டையா வழக்கிலிருந்து இதுதான் சட்டம். டிரைவரின் போன் முதல் எதிரியிடம் கிடைத்தது, போனுக்கே உரிய ஐஎம்இஐ எண்ணும் பொருந்துகிறது. அது அவருக்கு எதிராக மிகக் கனமான சாட்சியம். திருடுபோன பொருளைச் சில நாளிலேயே கையில் வைத்திருப்பவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் அவரே திருடியவர், அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் தம்பியிடம் கிடைத்ததோ 1,500 ரூபாய் நோட்டு. அதில் எண் குறிப்பு இல்லை, டிரைவருடையது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. யார் பையிலும் இருக்கக்கூடிய பணம் அது.

ஆனால் பைக் உங்கள் தம்பி பெயரில் இருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகாரில் வண்டி எண் இல்லை, "கறுப்பு பைக்" என்று மட்டும் இருப்பதால் இப்போதைக்குத் தப்பிக்கிறது. பாளையம் சுங்கச்சாவடியிலோ வேறெங்கோ எடுத்த கேமரா பதிவு ஏதாவது ஆவணமாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு மின்னணுப் பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் 65பி சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பதிவை சாட்சியமாக ஏற்க முடியாது என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது விடுதலைக்கான வாதம். அது நிற்காமல் போனாலும் உங்கள் தம்பிக்கு இன்னொரு வாதம் இருக்கிறது, யாரும் அதை எடுத்ததாகத் தெரியவில்லை. 392ஆம் பிரிவுக்குப் பத்தாண்டு வரை தண்டனை உண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை. ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று நீதிபதியின் கையைக் கட்டுவது 397. அந்தப் பிரிவு, கொடிய ஆயுதத்தைத் தானே பயன்படுத்தியவருக்கு மட்டும்தான். கூட வந்தவன் கத்தி காட்டினான் என்பதற்காக மற்றவருக்கு அது பொருந்தாது என்று 1975இல் பூல் குமார் வழக்கிலேயே தீர்த்துவிட்டார்கள். டிரைவரும் கிளீனரும் கத்தி முதல் எதிரியிடம் இருந்தது என்பதில் ஒத்துப்போகிறார்கள். அப்படியிருக்க பைக் ஓட்டியவருக்கு 397 எப்படி வரும்? அடையாளத்தை நீதிபதி நம்பினாலும் அந்தத் தண்டனை நிற்க முடியாது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுச் சரி போடும் இடம் கிடையாது. முதல் மேல்முறையீடு என்பதால் சாட்சியம் முழுவதையும் தானே மறுபடி எடைபோட வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது. "சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதிதான்" என்ற வாதம் வரும். டிரைவரை விசாரித்த தேதியையும் தீர்ப்பு எழுதியவரின் பெயரையும் ஒப்பிடுங்கள். இடையில் நீதிபதி மாறுதலாகிப் போயிருந்தால், தீர்ப்பு எழுதியவரும் காகிதத்தைப் படித்தவர்தான். ஸ்டேஷன் வரியைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இல்லை என்கிறீர்கள். அதையே மேல்முறையீட்டுக் காரணங்களில் முதலாவதாக வையுங்கள். சாட்சியங்களைச் சொல்லி எதிரியிடமே விளக்கம் கேட்கும் 313 கேள்விகளில் அணிவகுப்பைப் பற்றி உங்கள் தம்பியிடம் கேட்டார்களா என்றும் பாருங்கள். கேட்காத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவது தவறு.

மேல்முறையீடு செய்தால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அரசு தனியாக மேல்முறையீடு செய்யாத வரை, நீங்கள் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 386ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்பே உங்கள் வழக்கு மேல்முறையீடாக நிலுவையில் இருப்பதால் பழைய சட்டங்களின் எண்களையே சொல்லியிருக்கிறேன். வக்கீல் அலுவலகத்தில் 309, 311 என்று பேசினால் குழம்ப வேண்டாம், 392க்கும் 397க்கும் புதிய சட்டத்தில் உள்ள எண்கள் அவை.

தண்டனையை நிறுத்திவைக்கக் கோரி அதே நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவில் மனு போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டுத் தள்ளுபடி ஆகியிருந்தாலும், 397 பற்றிய இந்த வாதத்தை அதில் எழுப்பவில்லை என்றால் மறுபடி போட்டுப் பார்க்கலாம். டிரைவரின் குறுக்கு விசாரணையில் ஸ்டேஷன் வரி வரும் பக்கத்தையும், கத்தி யாரிடம் இருந்தது என்று இரு சாட்சிகளும் சொன்ன பக்கங்களையும் சான்றிட்ட நகலில் குறித்து, அந்த மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.